கடலடியில் கசியும் எரிவாயுவுக்கு மூடி போடலாமா?

கடலின் அடியில் யாரும் துளை போடாமலே, எரிவாயு தானாகக் கசிந்து குமிழி குமிழியாக மேலே வருகிற இடங்கள் உலகில் நிறைய உண்டு. சில இடங்களில் கடல் கொதிப்பது போலவே தெரியும். "சார், அது சும்மா வீணாத்தானே போகுது, பெரிய மூடி ஒண்ணு கவுத்து வச்சுப் பிடிச்சுட முடியாதா?" என்று காட்பாடியில் நான் வேதியியல் நடத்தும் பிளஸ் டூ வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். பாடத்தில் மீத்தேன் வந்த நேரம். வகுப்பில் இரண்டு வரியில் பதில் சொன்னேன். ஆனால் அந்தக் கேள்விக்கு இரண்டு வரி போதாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பிடிக்க முடியும். 1982இலேயே பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் எந்த ஆழத்தில் கசிகிறது என்பதைப் பொறுத்து இந்த யோசனை மிக நல்லதாகவும் ஆகும், மிக மோசமானதாகவும் ஆகும். ஆழம் ஏற ஏற விலையும் ஏறும் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. ஒரு எல்லையைத் தாண்டினால் லாபக் கணக்கு, பருவநிலைக் கணக்கு, உயிர்களின் கணக்கு எல்லாமே தலைகீழாக மாறிவிடும். இந்த விஷயத்தில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான். ஆனால் ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வேலூருக்கும் கடலுக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. நமக்கு எதற்கு இந்தக் கவலை என்று கேட்கலாம். எண்ணூரில் 2019இல் இந்தியன் ஆயில் தொடங்கிய முனையம் ஆண்டுக்கு 50 லட்சம் டன் திரவ இயற்கை எரிவாயுவைக் கையாளக் கூடியது. எங்கோ ஒரு நாட்டில் எடுத்த வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்து, திரவமாக்கி, கப்பலில் கொண்டுவந்து, மறுபடி சூடாக்கிக் குழாயில் விடுகிறார்கள். அவ்வளவு பாடுபட்டு வருகிற பொருளே நம் பக்கத்துக் கடலில் தானாகக் குமிழியிடுகிறது என்றால் அந்தப் பையனுக்கு வந்த யோசனை யாருக்கும் வரும்.

எங்கள் ஆயா வீடு அணைக்கட்டுப் பக்கம். அங்கே கொல்லையில் ஒரு கோபர் கேஸ் தொட்டி இருந்தது. காதி கிராமத் தொழில் ஆணையம் நாடெங்கும் பரப்பிய மிதக்கும் டிரம் வகை. கிணறு மாதிரி வட்டமான தொட்டி, அதில் சாணக் கரைசல், அதன் மேல் கவிழ்த்து வைத்த இரும்பு டிரம். வாயு சேரச் சேர டிரம் மேலே எழும்பும். அடுப்பை எரித்தால் மெல்ல இறங்கும். டிரம்மின் எடைதான் வாயுவைக் குழாயில் தள்ளும் அழுத்தம். மோட்டார் கிடையாது, கம்ப்ரஸர் கிடையாது. காலையில் டிரம் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பார்த்துத்தான் ஆயா சமையலைத் தொடங்குவார். கடலடிக் கசிவைப் பிடிக்கும் தத்துவமும் இதுவேதான். கவிழ்த்த பாத்திரம், கீழே தண்ணீர், மேலே வாயு, உச்சியில் ஒரு குழாய். கடலில் பாத்திரம் அசையாமல் நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் வேறு.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான்டா பார்பராவுக்கு அருகே, கோல் ஆயில் பாயின்ட் என்ற முனை இருக்கிறது. உலகிலேயே மிக அதிகமாக ஆராயப்பட்ட கடலடிக் கசிவுகளில் அது ஒன்று. அங்கே பல சதுர கிலோமீட்டர் பரப்பில் கடல் தரையிலிருந்து வாயுவும் கச்சா எண்ணெயும் கசிந்துகொண்டே இருக்கின்றன. மான்ட்டெரி பாறையடுக்கு என்ற பழைய கடல் படிவத்தில் உருவானவை, பிளவுகள் வழியாக மேலே வருகின்றன. வாயு மட்டும் நாளொன்றுக்கு ஒரு லட்சம் கன மீட்டருக்கு மேல். எண்ணெய் சுமார் 100 பீப்பாய். இது இன்று நேற்று நடப்பதில்லை. சுமாஷ் என்ற பூர்வகுடி மக்கள் கரையில் ஒதுங்கும் அந்தத் தாரை எடுத்துத்தான் தங்கள் பலகைப் படகுகளின் இடுக்குகளை அடைத்தார்கள். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அந்தக் கசிவில் ஒரு கைத்தொழில் நடந்திருக்கிறது.

1982இல் ஆர்கோ என்ற எண்ணெய் நிறுவனம் இந்தக் கசிவின் மிக வீரியமான ஓர் இடத்தில், சுமார் 67 மீட்டர் ஆழத்தில், இரண்டு எஃகுக் கூடாரங்களை இறக்கியது. ஒவ்வொன்றும் பிரமிடு வடிவம். அடிப்பகுதி 30 மீட்டருக்கு 30 மீட்டர். எடை ஏறக்குறைய 350 டன். கூடாரத்தின் உச்சியிலிருந்து குழாய் கிளம்பிக் கரைக்குப் போனது. அங்கே சுத்தம் செய்து எரிவாயுக் குழாயில் சேர்த்தார்கள். உலகில் இயற்கையான கடலடிக் கசிவைப் பிடித்துப் பயன்படுத்திய முயற்சி என்றால் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அந்தக் கூடாரம் எப்படி நிற்கிறது என்பது. தண்ணீருக்கு அடியில் ஒரு கன மீட்டர் வாயு தேங்கினால் ஏறத்தாழ ஒரு டன் எடையை மேலே தூக்கும். 350 டன் எஃகு என்பது பயங்கரமான எடைபோலத் தோன்றும். ஆனால் தண்ணீருக்குள் எஃகின் எடையும் குறையும். வேறு பிடிமானம் இல்லையென்றால், உள்ளே சுமார் 300 கன மீட்டர் வாயு தேங்கினாலே போதும், அவ்வளவு பெரிய கூடாரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும். அதனால் வாயுவைத் தேங்கவே விடக் கூடாது. வரவர வெளியே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டாலோ, கரையில் இயந்திரம் நின்றாலோ, மிச்ச வாயு விளிம்பு வழியாக வழிந்து போக வழி வைத்திருக்க வேண்டும். ஆயாவின் டிரம் எழும்புவதற்கென்றே செய்தது. இது எழும்பவே கூடாது என்று செய்தது.

இன்னொரு பக்கம் ஆழம் உதவியும் செய்கிறது. 67 மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் மட்டுமே கிட்டத்தட்ட 6.7 வளிமண்டலம். வாயு அந்த அழுத்தத்திலேயே குழாய்க்குள் நுழைகிறது. கரை வரை தள்ள இயற்கையே ஒரு கம்ப்ரஸரைத் தந்துவிடுகிறது. இதே கசிவு 10 மீட்டர் ஆழத்தில் இருந்தால் இந்த உதவி கிடைக்காது, அலையும் புயலும் கூடாரத்தை உலுக்கும். ஆக, ரொம்ப ஆழம் குறைந்தாலும் சிக்கல்தான்.

கூடாரம் வைத்ததில் விஞ்ஞானிகளுக்கு ஓர் அபூர்வமான கருவி கிடைத்தது. கடலடிக் கசிவை மணிக்கு மணி அளப்பது சாதாரணமாக முடியாத காரியம். இங்கே குழாயில் ஒரு மீட்டர் வைத்தால் போதும். 2001இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தக் கூடாரங்களில் சராசரியாக நாளொன்றுக்கு 16,800 கன மீட்டர் வாயு வந்ததாகவும், ஓதம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப அது 4 முதல் 7 விழுக்காடு வரை மாறியதாகவும் சொன்னது. கடல் மட்டம் ஏறினால் அழுத்தம் கூடி, கசிவு குறைகிறது. மட்டம் இறங்கினால் கசிவு கூடுகிறது. நிலவு கடலை இழுக்கிறது, கடல் பாறையை அழுத்துகிறது, பாறை வாயுவை விடுகிறது. ஒரு குழாய் மீட்டரில் இவ்வளவும் தெரிகிறது என்று வகுப்பில் சொன்னபோது கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சரி, 16,800 கன மீட்டர் என்றால் எவ்வளவு? நம் ஊர்க் கணக்கில் பார்க்கலாம். 14.2 கிலோ சமையல் சிலிண்டர் ஒன்றில் இருக்கும் வெப்பம் சுமார் 19 கன மீட்டர் மீத்தேனுக்குச் சமம். அப்படியானால் அந்தக் கூடாரங்கள் தந்தது தினம் கிட்டத்தட்ட 900 சிலிண்டர். ஒரு குடும்பத்துக்கு ஒரு சிலிண்டர் 45 நாள் வருகிறது என்று வைத்தால், 40,000 குடும்பங்களுக்குச் சமையல். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி வேலூர் மாநகராட்சியில் சுமார் 5 லட்சம் பேர். வீட்டுக்கு நாலு பேர் என்றால் ஒன்றேகால் லட்சம் குடும்பம். ஆக, வேலூரில் மூன்றில் ஒரு பங்கு வீடுகளின் அடுப்பு, இரண்டே எஃகுக் கூடாரத்தில். துளை போடாமல், பாறையை உடைக்காமல்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதே எண்ணை எரிவாயுத் தொழிலின் பக்கம் நின்று பாருங்கள். ஆந்திரக் கடலில் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் டி6 வயல் 2010இல் உச்சத்தில் இருந்தபோது நாளொன்றுக்கு 6 கோடி கன மீட்டர் தந்தது. கூடாரத்தின் வரவு அதில் மூவாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. விலையையும் போட்டுப் பார்க்கலாம். 2023இல் இந்திய அரசு பழைய வயல்களின் உள்நாட்டு எரிவாயுவுக்கு வைத்த உச்சவரம்பு பத்து லட்சம் பிடியூவுக்கு 6.5 டாலர். எரிவாயுவை விற்பது அந்த வெப்ப அலகில்தான். அந்த விலையில் 16,800 கன மீட்டர் நாளொன்றுக்கு சுமார் 3,900 டாலர் தரும். ஆண்டுக்கு ஏறத்தாழ 12 கோடி ரூபாய். கடலில் கட்டுமானம் இறக்கும் கப்பல், முக்குளிப்போர், கடலடிக் குழாய், துரு, பராமரிப்பு, கரையில் சுத்திகரிப்பு, கூடாரத்துக்குள் வாயுவோடு சேர்ந்து வரும் தாரை அகற்றுவது என்று எல்லாம் சேர்த்தால் 12 கோடி ரூபாய் வருமானத்துக்காக எந்த நிறுவனமும் இறங்காது.

பிறகு ஆர்கோ ஏன் இறங்கியது? காற்றுக்காக. சான்டா பார்பரா பகுதியில் காற்று மாசுக் கட்டுப்பாடு கடுமையானது. கசியும் வாயுவில் மீத்தேனோடு வேறு ஹைட்ரோகார்பன்களும் உண்டு. வெயிலில் அவை வேதிவினை புரிந்து, தரை மட்டத்தில் ஓசோனாக, புகைமூட்டமாக மாறும். இயற்கையாகக் கசிவதைப் பிடித்துக் காற்றைச் சுத்தமாக்கினால், அதற்கு ஈடாகத் தன் எண்ணெய் வேலைக்கு மாசு வரவு கிடைக்கும் என்பது அந்த நிறுவனம் போட்ட கணக்கு. இயற்கை விட்ட புகையைக் குறைத்து, தான் விடும் புகைக்கு அனுமதி வாங்குவது. அது சரியா தவறா என்று வாதாடலாம். எனக்கு அதில் முழுச் சம்மதம் கிடையாது. ஆனால் யாராவது சுத்தமான காற்றுக்கு விலை கொடுத்தால்தான் கசிவுக் கூடாரம் எழும் என்பதை அந்த ஒப்பந்தம் தெளிவாகக் காட்டிவிட்டது.

இதே இடத்தில் இன்னொரு விஷயமும் தெரியவந்தது. அருகில் இருந்த ஹாலி என்ற எண்ணெய் மேடையில் பல ஆண்டுகள் உற்பத்தி நடந்தபோது, மேடையைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்தில் இயற்கைக் கசிவின் பரப்பு சுமார் பாதியாகக் குறைந்ததாக 1999இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. கீழே தேக்கத்தின் அழுத்தம் குறைந்ததால் மேலே கசிவும் குறைந்திருக்கிறது. எண்ணெய் நிறுவனங்கள் இதைத் தங்களுக்குச் சாதகமாகச் சொல்லும் என்பது தெரிந்ததே. ஒரு குறிப்பிட்ட பாறையமைப்பில் கண்டதை எல்லாக் கடலுக்கும் பொருத்த முடியாது என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

இப்போது ஆழத்துக்குப் போவோம். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்து, 1,500 மீட்டர் ஆழத்தில் கிணறு எண்ணெயையும் வாயுவையும் கக்கியது நினைவிருக்கும். அந்த மே மாதம் அவர்கள் செய்த முதல் முயற்சிகளில் ஒன்று அந்தப் பையன் சொன்னதேதான். நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள, நாலு மாடி உயரமுள்ள எஃகுப் பெட்டியைக் கவிழ்த்து இறக்கினார்கள். எடுபடவில்லை. கசிந்த மீத்தேன், குளிர்ந்த தண்ணீரோடு சேர்ந்து பனிக்கட்டி மாதிரியான ஒரு திடப்பொருளாகி, பெட்டியின் உச்சித் துவாரத்தை அடைத்துவிட்டது. மீத்தேன் ஹைட்ரேட் என்பார்கள். தண்ணீர் மூலக்கூறுகள் கூண்டாக நின்று நடுவில் மீத்தேனைப் பிடித்துவைத்திருக்கும். அது தண்ணீரைவிட லேசானது என்பதால் பெட்டியையே தூக்கத் தொடங்கியது. அடைப்பும் மிதப்பும் ஒரே நேரத்தில். பிறகு வைத்த மூடிகளில் வெந்நீரும் மெத்தனாலும் செலுத்தித்தான் ஹைட்ரேட் உருவாகாமல் பார்த்துக்கொண்டார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பேரிடரில், பணத்தைப் பார்க்காமல் செய்த வேலை அது. சாதாரணக் கசிவுக்கு ஆண்டு முழுவதும் வெந்நீர் ஊற்ற முடியுமா?

ஹைட்ரேட் உருவாகக் குளிரும் அழுத்தமும் வேண்டும். வெப்பநிலையைப் பொறுத்து, ஏறக்குறைய 300 முதல் 600 மீட்டர் ஆழத்துக்குக் கீழே அது நிலைத்திருக்கும். அந்த எல்லைக்குக் கீழே எந்தக் கூடாரமும் தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும் கூடாரம்.

நம் வங்காள விரிகுடாவில் இதுவரை உறுதியாகக் கண்டறிந்த முக்கியமான கசிவுகள் இந்த ஆழத்தில்தான் இருக்கின்றன. கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வியல் நிறுவனத்தார் 2018இல் 'சிந்து சாதனா' ஆய்வுக் கப்பலில் போய், கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் உயிர்ப்புள்ள மீத்தேன் கசிவையும் அதைச் சுற்றி வாழும் உயிர்க் கூட்டத்தையும் கண்டார்கள். அங்கே ஹைட்ரேட் இருப்பது முன்பே தெரியும். 2006இல் 'ஜாய்டெஸ் ரெசல்யூஷன்' என்ற துளையிடும் கப்பல் அதே படுகையில் நூறு மீட்டருக்கும் தடிமனான ஹைட்ரேட் அடுக்கைக் கண்டறிந்தது.

அந்த உயிர்க் கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. வெளிச்சம் எட்டிப் பார்க்காத ஆழம். தாவரம் கிடையாது. ஆனால் சேற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் மீத்தேனை, கடல்நீரில் உள்ள சல்ஃபேட்டைக் கொண்டு, ஆக்சிஜன் இல்லாமலே 'எரிக்கின்றன'. அதில் கிடைக்கும் ஆற்றலிலும், வெளிவரும் ஹைட்ரஜன் சல்ஃபைடிலும் ஒரு முழு உலகம் வாழ்கிறது. சிப்பிகள், குழாய்ப் புழுக்கள், அவற்றின் உடலுக்குள்ளேயே குடியிருந்து உணவு தயாரித்துத் தரும் பாக்டீரியாக்கள். இந்த வினையின் துணைவிளைவாகச் சுண்ணாம்புப் பாறை படிந்து, சேற்றுத் தரையில் உயிர்கள் ஒட்டிக்கொள்ள இடம் உண்டாகிறது. நாம் 'வீணாகப் போகிறது' என்று சொல்கிற வாயுவைத்தான் அவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகின்றன. 30 மீட்டருக்கு 30 மீட்டர் எஃகை அதன் மேல் இறக்கினால் அந்த உலகம் நசுங்கும். நசுங்காத மிச்சத்துக்குச் சோறு நிற்கும்.

ஆழத்தில் பருவநிலைக் கணக்கும் தலைகீழ். மீத்தேன் பெரிய பசுங்குடில் வாயு. நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கு, இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். ஒரு கிலோ மீத்தேனை எரித்தால் 2.75 கிலோ கரியமில வாயு வரும். எரிக்காமல் காற்றில் விட்டால் 28 கிலோ விட்டதற்குச் சமம். அதாவது, காற்றுக்குப் போய்ச் சேரப்போகிற மீத்தேனைப் பிடித்து எரிப்பது பத்துக்கு ஒன்பது பங்கு நன்மை. கோல் ஆயில் பாயின்ட்டில் இது பொருந்தும். அங்கே ஆழம் குறைவு, குமிழி மேற்பரப்பை எட்டி வெடிக்கிறது. கூடாரம் பிடித்த நாளொன்றுக்குச் சுமார் 11 டன் வாயுவில் இப்படிப் பார்த்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் கரியமில வாயுவுக்கு நிகரான நன்மை.

ஆனால் ஆழ்கடலில் குமிழி மேலே வருவதில்லை. ஏறும்போது அதிலுள்ள மீத்தேன் தண்ணீரில் கரைய, தண்ணீரில் இருந்த நைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழிக்குள் புகும். 100 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து கிளம்பும் குமிழியில், மேற்பரப்பை எட்டும்போது மீத்தேன் மிகக் கொஞ்சம்தான் மிஞ்சும் என்று கருங்கடலில் செய்த ஆய்வுகள் காட்டின. கரைந்ததை நீரில் வாழும் பாக்டீரியாக்கள் கரியமில வாயுவாக மாற்றும், அது ஆழ்நீரிலேயே நூற்றாண்டுகள் தங்கும். ஆக, 1,000 மீட்டரில் கசிவதைப் பிடித்துக் கரையில் எரித்தால், காற்றுக்கு வரவே போகாத கார்பனை நாமே இழுத்துவந்து காற்றில் சேர்க்கிறோம். அது மற்ற எந்தப் புதைபடிவ எரிபொருளையும் போலத்தான். 'வீணாவதைக் காப்பாற்றுகிறோம்' என்ற வாதம் அங்கே செல்லாது.

ஹைட்ரேட் பற்றிப் பேசினால், ஜப்பான் செய்யவில்லையா, சீனா செய்யவில்லையா என்று கேட்பார்கள். செய்தார்கள். ஆனால் அது கசிவைப் பிடிப்பதில்லை. துளையிட்டு, அழுத்தத்தைக் குறைத்து, ஹைட்ரேட்டை உடைத்து எடுப்பது. ஜப்பான் 2013 மார்ச்சில் நான்காய் பள்ளத்தில் ஆறு நாளில் சுமார் 1,20,000 கன மீட்டர் எடுத்தது. கிணற்றுக்குள் மணல் புகுந்து நின்றுபோனது. சீனா 2017இல் தென்சீனக் கடலில் 60 நாளில் 3,09,000 கன மீட்டர், 2020இல் 30 நாளில் 8,61,400 கன மீட்டர் எடுத்தது. அந்த 2020 சாதனை நாளொன்றுக்கு 28,000 கன மீட்டர் சொச்சம். துளையே போடாத கலிஃபோர்னியாக் கூடாரம் ஆண்டுக்கணக்கில் தந்ததைவிட இரண்டு மடங்குகூட இல்லை! ஆழ்கடல் ஹைட்ரேட்டைப் பற்றி நாளிதழ்களில் வரும் பெரிய தலைப்புகளைப் படிக்கும்போது இந்த ஒப்பீட்டை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் மீத்தேன் என்றாலே மன்னார்குடியும் நெடுவாசலும் நினைவுக்கு வரும். அந்தக் கோபம் நியாயமானது. வயலுக்கு அடியில் துளையிட்டு, நிலத்தடி நீரை வெளியேற்றி வாயு எடுப்பதை விவசாயிகள் எதிர்த்தார்கள், 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கும் சட்டம் வந்தது. பாலாற்றை மணலுக்கும் தோல் கழிவுக்கும் பறிகொடுத்த வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அந்தப் பயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. கசிவுக்கு மூடி போடுவது இதிலிருந்து வேறுபட்ட வேலை. அழுத்தத்தை மாற்றுவதில்லை, பாறையைத் தொடுவதில்லை, நீரை உறிஞ்சுவதில்லை. ஆனால் ஒன்றைக் காட்டி மற்றொன்றுக்கு அனுமதி வாங்க யாராவது முயன்றால், அப்போது மீனவர்கள் எதிர்ப்பதே சரி. கசிவு இருக்கிறது, கீழே பெரிய தேக்கம் இருக்கும், துளை போடுவோம் என்று தொடங்குவது எளிது.

கசிவு இருந்தாலே தேக்கம் இருக்கும் என்றும் கிடையாது. இமாசலப் பிரதேசத்தில் ஜ்வாலாமுகி கோயிலில் பாறை இடுக்குகளில் தானாக எரியும் சுடரை நம் ஊரிலிருந்து போய்த் தரிசித்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அதுவும் இயற்கை எரிவாயுக் கசிவுதான். ஓஎன்ஜிசி 1957இல் தன் முதல் கிணற்றைத் தோண்டியது அங்கேதான். வணிகத்துக்கு ஆகும் அளவில் வாயு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு குஜராத்தின் காம்பேயில்தான் அதிர்ஷ்டம் வாய்த்தது. சுடர் மட்டும் இன்றும் எரிகிறது.

கசிவைப் பிடிக்கும் வேறு சில முயற்சிகளும் உண்டு. மெக்சிகோ வளைகுடாவில் 2004இல் ஐவன் புயலில் சாய்ந்த, டெய்லர் எனர்ஜி நிறுவனத்தின் எண்ணெய் மேடையின் கிணறுகளிலிருந்து, சுமார் 140 மீட்டர் ஆழத்தில், பல ஆண்டுகள் எண்ணெய் கசிந்தது. 2019இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஏற்பாட்டில் அதன் மேல் ஒரு சேகரிப்பு அமைப்பை வைத்தார்கள், நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் காலன் பிடிபட்டது. கவிழ்த்த பாத்திரம் 140 மீட்டரிலும் வேலை செய்யும் என்பதற்கு அது சாட்சி. ருவாண்டாவின் கிவு ஏரியில் கதை வேறு. அங்கே மீத்தேன் ஆழ்நீரில் கரைந்திருக்கிறது. குழாயை இறக்கி நீரை மேலே கொண்டுவந்தால் சோடா பாட்டில் திறந்தது மாதிரி வாயு பிரிகிறது. 2015இன் முடிவிலிருந்து அதில் 26 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். ஏரி திடீரென்று வாயுவைக் கக்கும் ஆபத்தும் குறைகிறது. அந்த மாதிரி உயிர் காக்கும் காரணம் ஒன்று சேர்ந்தால் செலவைப் பற்றி யாரும் முணுமுணுப்பதில்லை.

மறுபடி கோபர் கேஸுக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த 16,800 கன மீட்டரை வேறு வழியில் எடுக்க என்ன தேவை என்று கணக்குப் போட்டேன். சாண வாயுவில் மீத்தேன் 60 விழுக்காடு. ஒரு கன மீட்டர் சாண வாயுவுக்கு 25 கிலோ சாணம். ஒரு மாடு நாளுக்கு 10 கிலோ என்றால், 70,000 மாடுகள் போதும். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் அதைவிட நிறையவே மாடுகள் உண்டு. கறவை மாடு இல்லாத கிராமம் குடியாத்தம் பக்கமோ ஆரணிப் பக்கமோ எங்கே இருக்கிறது? கூடவே குப்பைக் கிடங்குகள், கழிவுநீர்க் குளங்கள். அங்கிருந்து கிளம்பும் மீத்தேன் எந்த ஆழ்நீரிலும் கரையாமல் நேராகக் காற்றுக்குப் போகிறது. மூடி போட வேண்டிய கசிவு என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான். ஆயா வீட்டுத் தொட்டி துருப்பிடித்து நின்றுபோனது, அதைச் சரிசெய்ய ஆள் இல்லாமல் போனது. இன்றைக்கு ஃபைபர் டிரம் கிடைக்கிறது. கடலுக்கு இறக்கும் 350 டன் எஃகைவிட இது எவ்வளவோ சுலபம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனாலும் கடல் யோசனையைத் தூக்கிப் போட நான் தயாரில்லை. நம் கிழக்குக் கடற்கரையின் கண்டத்திட்டு, 100 மீட்டருக்கு உட்பட்ட ஆழம், அங்கே எங்காவது நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான கன மீட்டர் மேற்பரப்பை எட்டும் கசிவு இருந்தால், அது பிடிக்க வேண்டிய கசிவு. அப்படி ஒன்று தென்பட்டால் முதலில் எஃகை வார்க்கக் கூடாது. எதிரொலிக் கருவியால் குமிழித் தூண்களை ஓராண்டு முழுக்க, ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும், வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும்போதும், அளக்க வேண்டும். வாயுவைப் புட்டியில் பிடித்து, நுண்ணுயிர் செய்த மீத்தேனா, ஆழப் பாறையில் வெப்பத்தால் உண்டானதா என்று கார்பன் ஐசோடோப்பில் பார்க்க வேண்டும், ஹைட்ரஜன் சல்ஃபைடு எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். தரையில் என்ன வாழ்கிறது என்று கேமரா இறக்கிப் படம் எடுக்க வேண்டும். அந்த இடத்தில் வலை போடுகிறவர்களிடம் கேட்க வேண்டும், எங்கே தண்ணீர் குமிழியிடுகிறது என்று கப்பல்களுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். காற்றுக்குப் போகாமல் தடுத்த வாயுவுக்கு ஈடாகத் தரும் கார்பன் வரவுக்கு டன்னுக்குப் பத்து டாலர் கிடைத்தாலும், ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னுக்கு 10 லட்சம் டாலர் வரும். வாயு விற்ற பணத்தோடு அது சேர்ந்தால் வருமானம் சுமார் 1.7 மடங்கு ஆகும். கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் கசிவுக்கு அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். ஐம்பது கிலோமீட்டர் என்றால் குழாய்ச் செலவிலேயே அது முடிந்துபோகும்.